பத்து நாள்களைத் துறந்த திருஅவை



பௌர்ணமி இரவுகளில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் செல்லும் மக்கள் கூட்டத்தை நாம் நன்கு அறிவோம். அவர்கள் நாள் பார்த்து நடக்கும் அதே முழுநிலவுதான் நமது உயிர்ப்புப் பெருவிழாவின் நாளையும் குறிக்கிறது. "கிறிஸ்மஸ் எப்போதும் டிசம்பர் 25, ஈஸ்டர் மட்டும் ஏன் மாறி மாறி வருகிறது?" என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. மார்ச் 21, பகலும் இரவும் சமமாகும் நாளாகக் கொள்ளப்பட்டது.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. யூலியுஸ் சீசரின் நாள்காட்டி ஓர் ஆண்டுக்கு 365 நாள் 6 மணி நேரம் எனக் கணக்கிட்டது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். கி.பி. 325-இல் நீசேயா பொதுச்சங்கம் கூடிய காலத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டுக்குள் 10 நாள்கள் பிசகிவிட்டன.

இதற்கு வழி கண்டவர் லிலியுஸ் என்ற இத்தாலிய மருத்துவர். தம் திட்டம் நிறைவேறுவதைக் காணாமலே அவர் 1576-இல் இறந்தார். இயேசு சபைக் கணித அறிஞர் கிளாவியுஸ் உள்ளிட்ட குழு அதை ஆராய்ந்து செம்மைப்படுத்தியது. 1582-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரி ஆணையிட, அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அந்த இரவில் இறைவனடி சேர்ந்த அவிலா புனித தெரசாளின் விழாவை நாம் அக்டோபர் 15-இல் கொண்டாடுகிறோம். இனிப் பிசகாதிருக்க, நூற்றாண்டு முடிவுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்றானது. 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல.

கணக்கு சரியாக இருந்தும், சொன்னவர் திருத்தந்தை என்பதாலேயே பலர் ஏற்கவில்லை. இங்கிலாந்து 1752-இல்தான் ஏற்றது. அதற்குள் பிசகு 11 நாள்களாகியிருந்தது. நம் நாட்டிலும் மேக்நாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22-இல் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் அது இடம்பெறுகிறது. நம் வீட்டுச் சுவர்களிலோ இல்லை. பழகியதை விடுவது யாருக்கும் எளிதன்று.

2025-இல் கிரகோரியன் கணக்கும் யூலியன் கணக்கும் ஒரே நாளைக் காட்ட, ஏப்ரல் 20 அன்று கீழைத் திருஅவைகளும் நாமும் சேர்ந்தே உயிர்ப்பைக் கொண்டாடினோம். ஆண்டுதோறும் அப்படிக் கொண்டாட எல்லாரும் இசையும் நாள் இன்னும் வரவில்லை.

அன்பானவர்களே, நம் குடும்பங்களில் பிரிவினை ஒரே நாளில் வருவதில்லை. சொல்லாமல் விட்ட ஒரு மன்னிப்பு, தட்டிக்கழித்த ஒரு செபம் என்று நாளுக்கு நாள் 11 நிமிடங்களாகச் சேர்கிறது. அண்ணன் தம்பி பேசி எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் திடுக்கிடுகிறோம். சுட்டிக்காட்டுபவர் நமக்குப் பிடிக்காதவர் என்பதாலேயே உண்மையை மறுக்கிறோம். திருஅவை தான் நெடுங்காலம் பின்பற்றிய கணக்கு பிழையென ஒப்புக்கொண்டு 10 நாள்களை விட்டுக்கொடுத்தது. நாம் ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்கக் கூடாதா? நம் நாள்களைச் சரியாக எண்ணும் ஞானத்தை ஆண்டவரிடம் கேட்போம்.