தண்ணீருக்கு ஒரு சும்மாடு

தலையில் குடம் சுமக்கிறவர்கள் முதலில் சும்மாடு கட்டிக்கொள்வார்கள். அதனால் குடத்தின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. உச்சியில் ஒரே இடத்தில் குத்த வேண்டிய பாரம் அகலமாகப் பரவும், அவ்வளவுதான். வீட்டுத் தோட்டத்தில் தரைக்கு மேல் நிறுத்தும் நீச்சல் தொட்டிக்கும், மீன் வளர்க்கும் பயோஃப்ளாக் தார்ப்பாய்த் தொட்டிக்கும் அடியில் விரிக்கும் மெத்தை செய்வதும் இதே வேலைதான்.

4 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தொட்டி ஒன்றில் 1.2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் 15,000 லிட்டர் பிடிக்கும். எடை 15 டன். ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது விரல் நகம் அளவு இடத்தில், விழுவது வெறும் 120 கிராம். தரை சமமாக இருந்தால் அந்த எடையைத் தொட்டியின் உட்தாளான லைனர் அப்படியே மண்ணுக்குக் கடத்திவிடும். அரை மில்லிமீட்டர் தாள் 15 டன்னைத் தாங்கும் ரகசியம் இதுதான்: உண்மையில் தாங்குவது தரை.

அடியில் மிளகளவு சரளைக்கல் ஒன்று கிடக்கட்டும். லைனர் அதன்மேல் கூடாரம்போல் எழும்பும். கூடாரம் 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் அதன்மேல் இருக்கும் தண்ணீரின் எடை இரண்டு கிலோவைத் தாண்டும். அதில் பாதி மட்டும் கல்லின் ஒரு சதுர மில்லிமீட்டர் முனையில் இறங்கினாலும், அங்கே அழுத்தம் ஆயிரம் மடங்கு! முதல் நாளே ஓட்டை விழுவதில்லை. பிளாஸ்டிக் மெதுவாக நீளும் பொருள். மே மாத வெயிலில் இன்னும் இளகும். ஒரு மாதம் கழித்துக் காரணம் தெரியாமல் தண்ணீர் மட்டம் இறங்கும்.

எதை விரிப்பது? மணல் நல்லதுதான், ஆனால் எந்த மணல் என்பது முக்கியம். ஆற்று மணலின் பரல்கள் உருண்டு தேய்ந்தவை. எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் அதன் கூர்முனைகள் தெரியும். கடற்கரை மணலில் உடைந்த கிளிஞ்சல்கள் கத்திபோல் இருக்கும். மணலுக்கு இன்னொரு பலவீனம், மழை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது போன்ற நாளில், தொட்டிக்கு அடியில் மணல் அரித்து ஓடிவிடும்.

பழைய சாக்கும் சேலையும் ஈரத்தில் மக்கிக் கரையானை அழைக்கும். ஃபிளெக்ஸ் பேனர் மக்காது, ஆனால் மெத்தை ஆகாது. தெர்மாகோலைத்தான் நான் முற்றாக வேண்டாம் என்பேன். பி.வி.சி. தாளை வளையச் செய்யும் எண்ணெய் போன்ற மென்மையூட்டிகள் மெல்லத் தெர்மாகோலுக்குள் கசிந்துவிடும். தெர்மாகோல் குழைந்துபோகும், தாள் விறைத்து வெடிக்கும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

என் தேர்வு ஜியோடெக்ஸ்டைல். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் இழைகளை நெய்யாமல், முள் வைத்த ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்திக் குத்திச் சிக்கவைத்த துணி. பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும். கல் குத்தும்போது இழைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பாரத்தைப் பக்கவாட்டில் பகிர்ந்துவிடும். தண்ணீர் ஊடுருவும், மக்காது. சதுர மீட்டருக்கு 300, 400 கிராம் எடையுள்ளதை, சலித்த மணலின்மேல் விரித்தால் நல்லது.

ஆனால் கோரையிடம் இந்தத் துணியை மட்டும் நம்பக் கூடாது. ஒரு கோரை முளையைப் பிடுங்கி நுனியை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள்: இலைகள் இறுகச் சுருண்டு ஊசியாகியிருக்கும். பிளாஸ்டிக் தாளைக் கீழிருந்து துளைத்து வருவது அதற்குப் பழக்கம். மேலே வெட்டினால் போதாது. மண்ணுக்குள் சரம்சரமாகக் கோத்திருக்கும் கிழங்குகளைக் கொத்திப் பொறுக்க வேண்டும்.

மொட்டை மாடியில் கோரைத் தொல்லை இல்லை. அங்கே பயம் வேறு. வழக்கமான மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமைக்கே கணக்கிடப்படுகிறது, 1.2 மீட்டர் தண்ணீரோ 1,200 கிலோ. எந்த மெத்தையும் அதைக் குறைக்காது.

தரையைத் தயார் செய்தபின், துணி விரிக்கும் முன், செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வட்டம் முழுக்க ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். காலில் குத்துவதைக் குனிந்து எடுங்கள்.