குருதியின் ஊற்றுக்கண்

நம் உடலில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. பிறந்தாக வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்கள்தான். தட்டணுக்களுக்கோ 10 நாள்களுக்கு மேல் வாழ்வில்லை. ஆகவே, ரத்தம் என்பது தேங்கிய குளமன்று; ஊற்று நீர்.

அந்த ஊற்றுக்கண் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்புகள் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் குருத்தணுக்கள் எனப்படும் ஸ்டெம் செல்கள் மிகச் சொற்ப அளவில் உறைகின்றன. அவை தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என எல்லா வகை ரத்த அணுக்களையும் தோற்றுவிக்கும். இதற்கான சோதனைச் சான்றை 1961-இல் எலிகளிடம் கண்டறிந்தவர்கள் கனடா நாட்டின் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்குல்லாவும்.

உற்பத்தி கண்மூடித்தனமாக நடப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது; உடனே மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி பெருகுகிறது.

இந்த ஊற்று வறண்டாலோ, ரத்தப் புற்றுநோயால் கெட்டுப்போனாலோ, ரத்தம் ஏற்றுவது தற்காலிகத் துணை மட்டுமே. பலருக்குப் பிறருடைய குருத்தணுக்களே நிலையான தீர்வு. அவற்றை ரத்தநாளத்தில் செலுத்தினால் போதும், தாமே மஜ்ஜையைத் தேடிச் சென்று குடியேறும். இச்சிகிச்சைக்கு வழிவகுத்த டோனல் தாமஸுக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல், பொருத்தத்தில் இருக்கிறது. ரத்தப் பிரிவு ஒன்றாக இருந்தால் போதாது. திசுப் பொருத்தம் வேண்டும். உடன்பிறந்த ஒருவரிடம் அது முழுமையாக அமையும் வாய்ப்பு 25 சதவீதமே. மற்றவர்களில் பலர் முன்பின் அறியாத கொடையாளரை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

முதுகெலும்பை அறுத்து எடுப்பார்கள் என்ற அச்சம் வீணானது. பெரும்பாலும் சில நாள்கள் ஊசி மருந்து செலுத்தி, ரத்தத்திலிருந்தே இயந்திரம் மூலம் குருத்தணுக்களைப் பிரிக்கிறார்கள். உடல்வலி சில நாள்கள் இருக்கலாம். கொடுத்ததை மஜ்ஜை மீண்டும் ஈடுசெய்துவிடும்.

பதிவேட்டில் பெயர் சேர்க்கக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி போதும். ஆனால், அதற்கு முன்பே குடும்பத்தாரிடம் பேசித் தெளிவது அவசியம். ஏனெனில், கொடையாளரின் உறுதியை நம்பியே நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழிக்கிறார்கள். அதன்பின் கொடையாளர் பின்வாங்கினால், அந்த உயிருக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. பெயரைப் பதிவதைவிடச் சொன்ன சொல்லைக் காப்பதே பெருங்கொடை.