மோன்செகூர் மலையடிவாரத்து நினைவுக்கல்

தெற்குப் பிரான்சில், பிரனீஸ் மலைத்தொடரை ஒட்டிய அரியேஜ் மாவட்டத்துச் சிற்றூரான மோன்செகூரின் செங்குத்துக் குன்றடியில் நிற்கும் கல், 1244 மார்ச் 16 அன்று சமய நம்பிக்கைக்காக உயிரோடு எரிக்கப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்டோரின் நினைவாக 1960இல் நாட்டப்பட்டது. அவர்கள் கத்தாரியர், அதாவது, கண்ணுக்குத் தெரியும் இவ்வுலகைத் தீய சக்தியின் படைப்பாகக் கருதி, இறைச்சியையும் இல்லறத்தையும் துறந்தோரை வழிகாட்டிகளாகக் கொண்டிருந்த, கத்தோலிக்கத் திருச்சபை திரிபுக்கொள்கையினர் என்று தண்டித்த கிறித்தவப் பிரிவினர்.

1242இல் அவிஞோனே என்னும் ஊரில் சமய விசாரணையாளர்களை மோன்செகூர் வீரர்கள் கொன்றதை அடுத்து, 1243 மே மாதம் குன்றின்மேல் கத்தாரியர் தங்கியிருந்த கோட்டையை முற்றுகையிட்ட அரசப் படை, சுமார் பத்து மாதங்களில் அதைப் பணியவைத்தது. நம்பிக்கையைக் கைவிடுவோர்க்கு உயிர்ப்பிச்சை உண்டு என்பது உடன்படிக்கை. ஆயினும், அதன்படி கிடைத்த இருவார அவகாசத்தில், தப்பிக்க முழு வாய்ப்பிருந்த வீரர்கள் உள்ளிட்ட இருபது பேரளவில், தலைமேல் கைவைத்து அளிக்கப்படும் 'கொன்சொலாமெந்தும்' என்னும் தீட்சையை விரும்பிப் பெற்று, அதனால் உறுதியாகிவிட்ட மரணத்தையும் ஏற்றனர் என்பதே இவ்வரலாற்றில் நெஞ்சை உலுக்கும் பகுதி. கோட்டைத் தலைவரின் மனைவி கோர்பாவும் மகள் எஸ்கலார்மோந்தும் அத்தீயில் மாண்டனர்.

நினைவுக்கல்லின் வாசகம் பிரெஞ்சில் அன்றி, அம்மக்கள் பேசிய ஒக்சித்தான் மொழியிலேயே பொறிக்கப்பட்டிருப்பது மிகப் பொருத்தமானது. குன்றின் உச்சியில் இன்றுள்ள கோட்டை இடிபாடோ, முற்றுகைக்குப் பின் கட்டப்பட்டது.