மூளை குழம்பிய கியர்

பழைய ஆட்டோமேட்டிக் கார் நடுவழியில் மக்கர் செய்தால் பழி கியர்பாக்ஸ் மேல் விழுகிறது. பல சமயம் குற்றவாளி அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி.

தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்று வேலந்தாவளத்தில் ஆட்களின் பேச்சை வைத்துச் சொல்லிவிட முடியாது. சோதனைச் சாவடிதான் சொல்லும். வாளையார் நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பயந்து கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஒதுங்கிப் போகிறவர்கள் பிடிக்கும் வழி இது. காய்கறி லாரி, பால் வண்டி, கல்யாண வேன் என்று வரிசை ஊர்ந்து நகரும். அந்த வரிசையில் பத்து வயதான ஆட்டோமேட்டிக் கார் ஒன்று மாட்டிக்கொண்டால் அதற்கு அது உண்மையிலேயே சோதனைச் சாவடி.

ஓட்டுபவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறார். வண்டி நகர வேண்டும், நகரவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது. பற்சக்கரப் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண் சிமிட்டுகிறது. பின்னால் ஹாரன். "நியூட்ரல்ல போடுங்கண்ணா, தள்ளிடலாம்" என்று யாராவது உதவிக்கு வருவார்கள். ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோலக் கார் கிளம்பிவிடும். வினையே அங்குதான். அடுத்த வாரம் மறுபடி நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் எடுத்துக் காட்டும்போது சமர்த்தாக ஓடும். மூன்றாவது முறை தீர்ப்பு வந்துவிடும்: "கியர்பாக்ஸ் போச்சுங்க. மாத்தணும்." அதற்கு ஆகும் செலவு காரின் மறுவிற்பனை விலையை எட்டிப்பிடிக்கும்.

தீர்ப்பு சரிதானா என்று பார்க்க, ஆட்டோமேட்டிக் கியர் எப்படி யோசிக்கிறது என்று தெரிய வேண்டும். சாதாரண காரில் எப்போது கியர் மாற்றுவது என்பதை ஓட்டுபவரின் காதும் இடது காலும் முடிவு செய்கின்றன. 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய 'ஹைட்ராமேட்டிக்' அந்த வேலையை எண்ணெய் அழுத்தத்திடம் ஒப்படைத்தது. வால்வுகளும் ஸ்பிரிங்குகளும்தான் அதன் மூளை. பிறகு அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. டி.சி.எம். என்று மெக்கானிக்குகள் சுருக்கமாகச் சொல்லும் இந்தப் பெட்டி வேகம், ஆக்சிலரேட்டர், பிரேக் என்று பல இடங்களிலிருந்தும் தகவல் வாங்கி, எந்தக் கிளட்ச்சை எப்போது பிடிப்பது என்று கட்டளை இடுகிறது. தகவல் முன்னுக்குப் பின் முரணாக வந்தால் பெட்டிக்குச் சந்தேகம் வந்துவிடும். உடனே ஒரே கியரில் முடங்கிக்கொள்ளும்; அல்லது கிளட்ச்சை அடியோடு விட்டுவிடும். பற்சக்கரங்கள் முழுசாக இருந்தும் கார் நிற்பது இப்படித்தான்.

இதில் தமிழகத்துக்கு நெருங்கிய சம்பந்தமுள்ள கதை ஃபோர்டு நிறுவனத்தின் 'பவர்ஷிஃப்ட்'. இரண்டு உலர் கிளட்ச்சுகள் கொண்ட ஆறு கியர் பெட்டி. இந்தியாவில் 2012-ல் ஃபியஸ்டாவிலும், 2013-ல் ஈகோஸ்போர்ட்டிலும், 2015-ல் புதிய ஃபிகோவிலும் இரட்டைக் கிளட்ச் கியர் வந்தது. முதல் இரண்டும் சென்னைக்கு அருகே மறைமலை நகரில் தயாரானவை. எண்ணெயில் மூழ்காத கிளட்ச் என்பதால் எரிபொருள் மிச்சம். ஆனால் சூட்டைத் தணிக்கக் காற்றுதான் உண்டு. கார் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்கிறது, சூடேறுகிறது. டி.சி.எம். பெட்டியோ கியர்பாக்ஸின் உடம்பிலேயே திருகப்பட்டிருக்கிறது. சூடு ஏறி இறங்க, அதிர்வும் சேர, உள்ளே சர்க்யூட் பலகையில் ஈயப் பற்றுகள் மயிரிழை அளவுக்கு விரிசல் விடலாம். சூட்டில் விரிசல் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். டீ குடித்துவிட்டு வந்தால் கார் கிளம்பும் மர்மம் இவ்வளவுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. வரிசையும் வெயிலும் சேர்ந்தால் இந்தப் பெட்டிக்கு அதைவிடக் கெட்ட இடம் தேட வேண்டியதில்லை. அங்கிருந்து பொள்ளாச்சி வழியாக வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏற நினைப்பவர் கொஞ்சம் துணிச்சல்காரர்தான்.

ஆஸ்திரேலியாவிலும் இதே பவர்ஷிஃப்ட் கார்கள் உதறின. ஓட்டும் விதம் சரியில்லை என்று வாடிக்கையாளர்களுக்குப் பதில் வந்தது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் கேட்ட குரல்போல இருக்கிறதா? அங்கே அரசின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. புகார்களைக் கையாண்ட விதம் மனசாட்சிக்கு விரோதமானது என்று சொல்லி 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அமெரிக்காவில் 2014-லேயே இந்தப் பெட்டிக்கு மட்டும் உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் என்று நிறுவனம் நீட்டியிருந்தது. நோய் பற்சக்கரத்தில் அல்ல, பெட்டியிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஃபோர்டு மட்டும் மாட்டவில்லை. ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சியில் அடிபட்டது. அங்கே 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் 16 லட்சம் கார்களுக்கு அழைப்பு. காரணம் விசித்திரமானது: கியருக்குள் ஊற்றிய செயற்கை எண்ணெயால் மின்சாரக் கோளாறு வரலாம் என்று தெரிந்து, அதை வடித்துவிட்டுச் சாதாரண கனிம எண்ணெய் ஊற்றினார்கள்.

ஆக, கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் பேட்டரி. அழுத்தம் குறைந்த பேட்டரியும் துருப்பிடித்த எர்த் ஒயரும் நல்ல பெட்டியைக்கூடப் பைத்தியமாக்கும். அடுத்தது ஸ்கேனர். 'பி0700' என்று வந்தால் கியர் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பொருள். விவரம் உள்ளே தேட வேண்டும். 'யு0101' என்றால் டி.சி.எம்.முடன் பேச்சுவார்த்தையே அறுந்துவிட்டது. பெட்டி கெட்டிருக்கலாம், எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். காயலான் கடையில் இன்னொரு காரின் பெட்டியை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்தந்தக் காருக்கேற்றபடி புரோகிராம் செய்தாக வேண்டும். கிளட்ச் பிடிக்கும் இடத்தையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரிப்பேர் செய்த பெட்டியை ஆறிய நிலையில் மட்டும் சோதித்துவிட்டுக் காசு கொடுப்பது வீண். சூடான வண்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நின்ற காரைக் கயிறு கட்டி இழுப்பதும் தவறு. முன்சக்கரத்தால் ஓடும் ஆட்டோமேட்டிக் என்றால் அந்தச் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். எல்லையில் டிராக்டர்தான் சீக்கிரம் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

சட்டம் காப்பாற்றுமா? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பழுதுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. ஆனால் ஏழு வயதுக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான் அது பொருந்தும். அமெரிக்காவில் பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைத்தால் 15 வயது வரை இலவசமாகச் சரிசெய்தாக வேண்டும். நுகர்வோர் நீதிமன்றம் போவதானாலும் புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் காட்டுவது தனிப் போராட்டம். ஈயப் பற்றோ சட்டப் புத்தகம் பார்த்து விரிசல் விடுவதில்லை. எட்டாவது வருஷமும் விடும், பத்தாவது வருஷமும் விடும். அதற்குள் கார் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறியிருக்கும்.

2021 செப்டம்பர் 9-ல் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்று உரிமையாளர்களுக்கு உறுதி சொன்னது. 2022-ல் மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தி ஓய்ந்தது. 2025 அக்டோபர் இறுதியில் அந்த ஆலைக்கு ரூ. 3,250 கோடியில் புதுத் திட்டம் அறிவிப்பானது: 2029 முதல் ஏற்றுமதிக்காக ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின்கள். வேலந்தாவளம் வரிசையில் நிற்கும் ஈகோஸ்போர்ட்டுக்கு இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை.