குழல் கேட்கும் குண்டு

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்கு ஒரே பருவம் கிடையாது. வில்லுக்குச் சில நாட்கள், நவீன ரைஃபிளுக்குச் சில நாட்கள், குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கிக்குச் சில நாட்கள் என்று பங்கு போட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் துப்பாக்கிக்கென்றே ஒரு பருவம் உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அது தொடங்கிவிடும்.

நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். மேலிருந்து மருந்தைக் கொட்ட வேண்டும், அதன்மேல் குண்டைக் கம்பியால் தள்ளி இறுக்க வேண்டும், ஒரு தடவை சுட்டதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இங்கே மானைச் சுடுவது குற்றம். அங்கே உரிமம் வாங்கி, எத்தனை மான் என்ற கணக்குக்குள் நடக்கும் காரியம். துப்பாக்கியிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியின் குழல் பெரும்பாலும் உள்ளே வழுவழுவென்று இருக்கும். அமெரிக்க வேட்டைக்காரர் வைத்திருக்கும் குழலின் உட்சுவரிலோ திருகாக வரிப்பள்ளங்கள் ஓடும். குண்டைச் சுழற்றி அனுப்புவது இவற்றின் வேலை.

கடையில் மூன்று வகைக் குண்டுகள் கிடைக்கும். முதலாவது, எண்ணெய் தடவிய துணித்துண்டில் வைத்து இறக்கும் ஈய உருண்டை. அரை அங்குலக் குழலுக்கான உருண்டை சுமார் பதினொன்றரை கிராம் இருக்கும். இரண்டாவது, கூம்புக் குண்டு. முழுக்க ஈயம், நீளமானது, எடை இருபது கிராமுக்கு மேலும் போகும். மூன்றாவது, சேபோ என்ற பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்து வரும் மெல்லிய குண்டு. கிண்ணம் குழலை நிறைத்து, வரிகளைப் பற்றிச் சுழலும். வெளியே வந்ததும் கழன்று விழுந்துவிடும். இதில் பதினாறு கிராம் அளவுள்ள குண்டு சாதாரணம்.

இங்கேதான் புதிதாக வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ‘மானை வீழ்த்த எவ்வளவு கனமான குண்டு வேண்டும்?’ நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. பெரிய விலங்கு, ஆகவே பெரிய குண்டு. அரை அங்குலக் குழல் என்று துப்பாக்கியில் எழுதியிருக்கிறது, அரை அங்குலக் குழலுக்கானது என்று பெட்டியிலும் எழுதியிருக்கிறது, அப்புறம் என்ன? கனமானதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஐம்பது கஜத்தில் வைத்த காகிதத்தில் ஒரு தடம் மேலே, ஒன்று கீழே, ஒன்றைக் காணவே காணோம். துப்பாக்கி கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கோளாறு துப்பாக்கியில் இல்லை. ஓர் எலுமிச்சம்பழத்தை எறிந்து பாருங்கள்; அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்பதே கிடையாது, எப்படிப் போனாலும் ஒன்றுதான். ஒரு துண்டு முருங்கைக்காயை எறிந்தால் காற்றில் குட்டிக்கரணம் போடும். ஈய உருண்டைக்கும் நீளக் குண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. உருண்டைக்குச் சுழற்சி கொஞ்சம் போதும். வார்ப்பில் உள்ள சின்னக் குறைகள் ஒரே பக்கம் இழுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். நீளக் குண்டு மூக்கை முன்னால் வைத்தபடியே போக வேண்டுமென்றால் வேகமாகச் சுழன்றாக வேண்டும். ஆக, குழல் நம்மிடம் கேட்பது குண்டின் நீளத்தை. எடையை நாம் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1879இல் தந்தது. குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150ஆல் மறுபடி பெருக்கி, நீளத்தால் வகுத்தால், குழலில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று வேண்டும் என்று தெரிந்துவிடும். 0.49 அங்குல உருண்டைக்குச் சுமார் 73 அங்குலம் வருகிறது. அரை அங்குல விட்டமும் ஓர் அங்குல நீளமும் உள்ள கூம்புக் குண்டுக்கு 37தான் வருகிறது. நீளம் இரு மடங்கானதும் தேவையான சுழற்சியும் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது.

இப்போது குழல்களைப் பார்ப்போம். உருண்டைக்கென்றே செய்த குழல்களில் 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். டோனி நைட் 1985இல் மிசூரியில் எம்.கே-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு பரவிய நவீன மாதிரிகளில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று சாதாரணம். அவை சேபோவுக்கு ஏற்றவை. நடுவே 48 என்று ஒரு சமரசம் உண்டு. உருண்டையையும் குட்டையான கூம்புக் குண்டையும் அது ஏற்கும். மெதுவாகச் சுழற்றும் குழலில் நீளக் குண்டைப் போட்டால் காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீளக் கிழிசல் விழும். குண்டு புரண்டு வந்ததற்கு அது சாட்சி. வேகமாகச் சுழற்றும் குழலில் உருண்டையைப் போட்டு மருந்தையும் கூட்டினால், மெல்லிய துணியால் வரிகளைப் பற்ற முடியாமல் உருண்டை வழுக்கிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது சட்டம். கொலராடோவில் வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கான பருவத்தில் சேபோவுக்கு அனுமதியில்லை. குண்டின் நீளமும் விட்டத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. ஈயத் துண்டு சிதறிய இறைச்சியைத் தின்று காண்டார் கழுகுகள் நஞ்சேறிச் செத்ததுதான் முக்கியக் காரணம். அங்கே செம்புக் குண்டு வாங்கியாக வேண்டும். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே விட்டத்தில் அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீண்டுவிடும். நீண்டால் என்ன ஆகும் என்று நமக்கு இப்போது தெரியும்: வேகமான குழல் தேவை.

மான் இப்போதுதான் வருகிறது. அங்கே பெரும்பாலும் வேட்டையாடப்படும் வெண்வால் மான் நூறு கிலோவைத் தாண்டுவது அரிது. குண்டின் விசை அதைத் தூக்கி அடிப்பதில்லை. நெஞ்சுக்கூட்டில் நுரையீரலும் இதயமும் கிழிந்து, ரத்தம் வடிந்துதான் சாகிறது. அதற்கு மெத்தென்ற ஈய உருண்டையே போதும், கிட்டத்தில் சுட்டால். உருண்டை காற்றில் சீக்கிரம் களைத்துவிடும். நூறு கஜம் போவதற்குள் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இழந்துவிடும். அதனால் உருண்டைக்காரர் பொறுமையாக நெருங்கிச் சுட வேண்டும். நீளக் குண்டு வேகத்தை நன்றாகத் தக்கவைக்கும் என்பதால் அதை வைத்திருப்பவருக்குத் தூரத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. எந்தக் குண்டானாலும் நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டால் மான் தப்பி ஓடி, எங்கோ வெகுநேரம் துடித்துச் சாகும். எடை கூடுவதால் அந்தப் பிழை சரியாகிவிடாது.

ஆகவே வரிசை இப்படி: குழலில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பாருங்கள், மாநிலச் சட்டத்தைப் படியுங்கள், எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறோம் என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் இரண்டு மூன்று வகைக் குண்டுகளைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுவதை வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும் அது மருந்தின்மேல் இறுக உட்கார வேண்டும். நடுவே இடைவெளி இருந்தால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். சரியாக உட்காரும்போது கம்பி வாயோரம் எதுவரை இறங்குகிறது என்று அதில் ஒரு கோடு போட்டு வைத்தால், ஒவ்வொரு முறையும் ஒரு பார்வையிலேயே சரிபார்த்துவிடலாம்.