விசிறியின் ஒலி கற்பிக்கும் உராய்வு

உராய்வுப் பாடத்திற்கு நான் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் கணினி மின்வழங்கிப் பெட்டியைக் குளிர்விக்கும் சிறு விசிறி. அதன் அச்சைத் தாங்கும் பேரிங்குகளில் மூன்று வகைகளை மாணவர்களுக்கு விளக்குவேன்.

ஸ்லீவ் பேரிங்கில் அச்சு, எண்ணெய் தோய்ந்த உலோகக் குழலுக்குள் சுழல்கிறது. விலை குறைவு, புதிதில் சத்தமும் குறைவு. வெப்பத்தால் எண்ணெய் வற்றினால் உலோகம் உரசித் தேயும்.

பால் பேரிங்கில் நழுவுதலுக்குப் பதில் உருளுதல். அச்சைச் சுற்றிச் சிறு குண்டுகள் உருள்கின்றன. வெப்பத்தைத் தாங்கி நெடுநாள் உழைக்கும். சற்றே இரைச்சல் உண்டு.

ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்கில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் எண்ணெயில் அழுத்தத்தை உண்டாக்குகின்றன. சுழலும் அச்சு உலோகத்தைத் தொடாமல் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. அமைதியும் நீண்ட ஆயுளும் கிடைக்கும்; விலை அதிகம்.

ஆசிரியர்களே, உங்கள் கணினி ஆய்வகத்தில் விசிறி கரகரவென ஒலித்தாலோ தயங்கிச் சுழன்றாலோ கணினியை முறைப்படி அணைத்து, பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். விசிறி நின்றால் பெட்டி சூடேறி, உள்ளிருக்கும் பாகங்கள் கெடும். அந்தப் பெட்டியை நீங்களோ மாணவர்களோ திறக்க வேண்டாம். மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். வகுப்பில் காட்ட, பழைய கணினியிலிருந்து தனியே கழற்றிய 12 வோல்ட் விசிறி போதும். மாணவர்கள் அதை விரலால் சுழற்றி, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தாங்களே அளந்து பார்க்கட்டும்.