எண்ணா, எழுத்தா?

கணினியில் நாம் தட்டுவது எதுவானாலும் முதலில் அது எழுத்துச் சரந்தான். ‘25’ என்று தட்டினால் அது 2, 5 என்ற இரண்டு குறிகள். இருபத்தைந்து என்னும் அளவு ஆகாது. கூட்டிக் கழிக்க அதை எண்ணாக மாற்றவேணும். அதற்கு முன், அது முழு எண்தானா என்று சோதிக்கவேணும்.

அல்வாலில் வியாபாரம் செய்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்பீர்கள். பணம்தான் அக்கறை! ஒன்றேகால் லட்சத்தை நாம் 1,25,000 என்று காற்புள்ளி இட்டு எழுதுகிறோம். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட் கட்டளை இடப்புறமிருந்து படித்து, இலக்கம் அல்லாத குறி வந்ததும் நின்றுவிடும். அதுவரை கண்டதையே விடையாகத் தரும். முதல் காற்புள்ளியில் நின்றால் விடை 1. ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாய் ஆச்சு! பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. பைத்தானின் இன்ட் கட்டளையோ காற்புள்ளியைக் கண்டதும் பிழை காட்டி நிறுத்திவிடும். தப்பான விடையைவிட மறுப்பே மேல்.

இனி நம் தமிழ் எண்கள். ‘௧௨’ என்று கொடுத்தால் பைத்தான் 12 என்று எடுத்துக்கொள்ளும். தெலுங்கு இலக்கங்களுக்கும் அப்படியே. ஆனால் நம் பழைய முறையில் பன்னிரண்டு ‘௰௨’, நூற்றிருபத்தைந்து ‘௱௨௰௫’. இவற்றை இன்ட் ஏற்காது. ஏனெனில் ௰, ௱, ௲ என்பவை பத்து, நூறு, ஆயிரம் என்ற அளவுக்குறிகள். இடமதிப்பு இலக்கங்கள் அல்ல. ஒருங்குறியும் அவற்றைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. அந்த முறைக்குச் சுழியம் வேண்டியிருக்கவில்லை. தமிழ்ச் சுழியக் குறி ஒருங்குறியில் சேர்ந்ததே 2005-இல்தான்.

இங்கே கவனம் வேணும். பைத்தானில் இஸ்நியூமரிக் என்று சோதித்தால் ௰ தேறிவிடும். இன்ட் கொண்டு மாற்றப்போனால் பிழை வரும். இஸ்டெசிமல் என்று சோதித்தால் இடமதிப்பு இலக்கங்கள் மட்டுமே தேறும்; கழித்தல் குறிகூடத் தேறாது. மூட்டைகளை எண்ண அது போதும்.

நம் பிள்ளைகள் பலர் இந்த ஊரில் நிரல் எழுதிப் பிழைக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: காற்புள்ளியை ஏற்பதா என்று முதலிலேயே தீர்மானியுங்கள், ஏற்றால் நீக்கிவிட்டுச் சோதியுங்கள். சரத்தின் தலையை மட்டும் பார்க்காமல் கடைசிக் குறிவரை பாருங்கள். வெற்றுக் கட்டத்தைச் சுழியமாகக் கொள்ளாதீர்கள். எழுதாத கணக்கு வேறு, ஒன்றுமில்லாத கணக்கு வேறு. பழைய சுவடிக் கணக்கைக் கணினியில் ஏற்றுவோர் அதற்கெனத் தனி நிரல் எழுதவேணும்: அளவுக்குறிக்கு முன்னே இலக்கம் இருந்தால் பெருக்கி, பிறகு எல்லாவற்றையும் கூட்டவேணும். ‘௱௨௰௫’ அப்போது 100 + 20 + 5 என்று சரியாக வரும்.